தொபுக்கடீர்

லோரியின் பின்கதவைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பக்கப் பலகையில் ஏறித்தான் குதிக்க வேண்டும். சிலிபினிலிருந்து பத்து காஜா ஊர்ப் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக்குப் போவோம். வீடுகள் கட்ட மரங்களைச் சாய்த்திருந்தார்கள். துண்டு போடுவது எங்கள் வேலை. எங்களை வேலை வாங்கிய மண்டோர் தினமும் கீழே நின்று, ஒவ்வொருவரும் குதிப்பதைப் பார்ப்பார். தடுமாறியவனுக்கு அன்றோடு வேலை முடிந்தது.

கூட்டத்தில் ஐம்பதைத் தாண்டிய அக்கா ஒருவர் இருந்தார். "தொபுக்கடீர்" என்று கத்திக்கொண்டுதான் குதிப்பார். நான் வளர்ந்த தோட்டத்தில் அது ஆற்றில் பாய்வதற்கான சொல். சொல்லாமல் ஓடிப்போனவளுக்கும் வேலை போனவனுக்கும்கூட அதையே சொல்வார்கள். எப்படிப் பிறந்தது என்று படித்தவர்கள் சொல்லட்டும். நான் ஆறாம் ஆண்டோடு நின்றவன். தண்ணீரில் விழுந்தால் 'தொப்'. கட்டாந்தரையில் ஏதாவது முறிந்தால் 'கடீர்'. யாரோ விளையாட்டாக இரண்டையும் ஒட்டியிருக்க வேண்டும்.

அன்று என் வலது முழங்கால் வீங்கியிருந்தது. முந்தின நாள் கட்டையோடு பள்ளத்தில் சறுக்கியதை யாரிடமும் சொல்லவில்லை. இந்த வேலையும் போனால் சிம்பாங் பூலாயில் கல் உடைக்கும் இடத்தில்தான் போய் நிற்க வேண்டும். அங்கே ஏற்கெனவே ஒரு முறை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நான் பலகையைப் பிடித்தபடி நின்றேன்.

"என்ன தம்பி, லோரிய கழுவிட்டுத்தான் எறங்குவியா?" என்றார் அக்கா.

மண்டோர் சிரிக்கவில்லை. "காலு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு அண்ணே."

"அப்ப குதிலா."

அக்கா மரத்தூள் குவிந்த இடத்தைக் காலால் தட்டிக் காட்டிவிட்டு விலகினார். இடது காலை நம்பிக் குதித்தேன். கண் இருட்டியது. விழவில்லை. மண்டோர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு ரம்பத்தைக் கொடுத்தார். மாலைவரை உட்காராமல் அறுத்தேன். திரும்பும்போது அக்கா கைகொடுத்து ஏற்றிவிட்டார். சிலிபினில் பலகையில் தொங்கி இறங்கினேன். மண்டோர் வழியிலேயே இறங்கியிருந்தார்.

மறுநாள் காலை லோரி வந்தபோது முழங்கால் மடங்கவே இல்லை. டயர் உயரத்துக்குக் காலைத் தூக்க முடியவில்லை. அக்கா மேலிருந்து இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். முன்னால் உட்கார்ந்திருந்த மண்டோர் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். இரவு முழுக்க எப்படிக் குதிப்பது என்றே யோசித்திருந்தேன். ஏறுவது நினைவிலேயே இல்லை.

"விடுங்கக்கா, நேரமாச்சு" என்றேன்.

லோரி கிளம்பியது. அன்று அக்கா கத்திக்கொண்டு குதித்தாரா என்று எனக்குத் தெரியாது.