சத்தமில்லாமல் எடுத்த சிரிப்பு

கொழும்புத் தொலைக்காட்சி ஒன்றுக்குத் திருகோணமலையிலிருந்து செய்திப்படம் அனுப்பி வந்தவன் நான். இப்போது ஓய்வு. கமரா தூக்கும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெருமைப்பட ஒன்றுமில்லை.

மூதூர்க் கரைக்கு அமைச்சர் ஒருவர் வந்தார். மீனவர்கள் கரைவலை இழுக்கும் இடத்தை வேலியடைத்து, உல்லாசப் பயணிகளுக்குப் பூங்கா கட்டப்போகிறார்களாம். "இந்தக் கரை ஒரு ஊருக்கில்லை, முழு நாட்டுக்கும் சொந்தம்" என்று பேசினார். கைதட்டலுக்கும் குறைவில்லை.

பேச்சு முடிந்ததும் அவருடைய ஊடகச் செயலாளர் என் தோளில் கை போட்டார்.

"அண்ணை, முஸ்லிம் தொப்பி போட்ட மீன்காரர் ஒராள் தேசியக் கொடியோட சிரிச்சுக்கொண்டு நிக்கோணும். அவர் கதைக்க வேண்டாம். மியூட் ஷொட் போதும்."

மியூட் ஷொட் என்றால் சத்தமில்லாத படம். அதன்மேல் செய்தி வாசிப்பவரின் குரலைப் போடுவார்கள். எங்களுக்கு அது அன்றாட வேலை. பழக்கமான மீனவர் ஹனீபா நானாவைக் கூப்பிட்டேன். கொடியை வாங்கினார், முகம் இறுகியே இருந்தது.

"தம்பி, வேலி போட்டா நாங்க எங்க போற? அதையும் எடுங்க."

"எடுப்பம் நானா, முதல்ல சிரியுங்கோ. மாமியாரைக் கண்ட மாதிரியெல்லோ நிக்கிறியள்!"

மனுசன் வாய்விட்டுச் சிரித்தார். எடுத்தேன். அதற்குள் அமைச்சரின் வாகனம் கிளம்ப, நானும் பின்னால் ஓடிவிட்டேன்.

மாலைச் செய்தியில் அந்தச் சிரிப்பின்மேல் குரல் வந்தது: "இனமத பேதம் மறந்து, தம் கரையைத் தாய்நாட்டுக்கு மனமுவந்து வழங்கிய மீனவர்கள்."

மறுநாள் மூதூருக்குப் போனேன். சந்தையில் நானாவோடு ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலிக்கு எதிரான மனுவில் அவருடைய கையெழுத்தை வாங்க மீனவர் சங்கம் மறுத்திருந்தது.

"குரல் நான் போட்டதில்லை நானா" என்றேன்.

"ஆரு போட்டா என்ன? நான் சிரிச்சது ஒங்கட பகிடிக்கு. நாட்டுக்குச் சிரிச்சதாக் காட்டிட்டீங்களே தம்பி!"

அவரோடு சங்கத்துக்குப் போய், நடந்ததை எல்லோர் முன்னும் சொன்னேன். தலைவர் கடைசிவரை கேட்டார்.

"இதை டீவியிலயும் சொல்லுவீங்களா?"

"ஏலாது."

"அப்ப அவர் எங்களுக்கு மட்டுந்தான் நல்லவர். நாட்டுக்கு இன்னும் அந்தக் கொடிக்காரன்தான்" என்றபடி, மனுவை நானாவின் பக்கம் தள்ளினார்.

அதன்பின் ஒருவரின் பேச்சை எடுக்க நேரமில்லாவிட்டால், அவருடைய முகத்தையும் நான் எடுத்ததில்லை. நீங்களும் எடுக்காதீர்கள்.