எலுமிச்சம்பழத்தில் ஏறிய பீரங்கி

"ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆகாதுங்க மச்சான். உங்க புள்ள கெட்டிக்காரிதான், இல்லைங்கல. ஆனா மிசினுல கை வெக்கறது வேற சங்கதி."

என் தாய்மாமன் அப்பாவிடம் இதைச் சொன்னபோது நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அந்த வருஷம் மேலே சேர்கிற நாள் தவறிவிட்டது. அடுத்த வருஷமாவது கோயமுத்தூர் பாலிடெக்னிக்கில் சேர்த்துவிடச் சொல்லி அடம்பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பா பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவர். மாமா அங்கேயே ஃபிட்டர். மிஷின் விஷயத்தில் மாமா சொல்வதுதான் அப்பாவுக்கு வேதம்.

அந்தச் சமயம் பார்த்து முதலாளியின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து இரண்டு அட்டைப்பெட்டிகள் கொண்டுவந்தார். ஒன்றில் கார், இன்னொன்றில் பீரங்கி வண்டி. முழு உருவமாகத்தான் இல்லை. பாகமெல்லாம் பிளாஸ்டிக் சட்டத்தில் காய்த்துத் தொங்கின. பிய்த்துப் பசை தடவி நாமே கோக்க வேண்டும். பாட்டரி போட்டால் ஓடும் சின்ன மோட்டாரும் இருந்தது. ஆயுத பூஜையன்று இரண்டையும் மிஷின்களுக்கு முன்னால் வைக்க முதலாளிக்கு ஆசை. நிஜக் காருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தவர் அவர்.

"ஆளுக்கொண்ணு செய்யுங்க" என்றார் அப்பா. என்னைப் பார்த்து, "உன்றது ஓடுச்சுன்னா பாலிடெக்னிக்கு. ஓடலீன்னா இந்தப் பேச்சையே எடுக்கப்படாது."

உண்மையில் எனக்கும் கார்தான் வேண்டியிருந்தது. மாமா யாரையும் கேட்காமல் கார்ப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கட்டிங் மாஸ்டர் முதல் பனியன் மடிக்கிற அக்காமார் வரை கம்பெனியே கார்க் கட்சி. "பீரங்கீல ஏறியா அம்மிணி சிவன்மலைக்குப் போவே?" என்று சிரித்தார்கள். பாகிஸ்தான் சண்டை முடிந்த புதிது; தெருப் பிள்ளைகள் மட்டும் என் கட்சி. அவர்களுக்கு ஓட்டு இல்லை.

"சண்டைச் சாமானை ஊட்டுக்குள்ள வெக்காதே" என்றாள் அம்மா. கொல்லையில் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து, இங்கிலீஷ் விளக்கத் தாளை வரி வரியாகப் படித்தேன். எதை வேண்டுமானாலும் ஒட்டு, சக்கரம் சுழலும் இடத்தில் மட்டும் பசை படாமல் பார் என்று அதில் இருந்தது.

மாமா தன் தாளைப் பிரிக்கவேயில்லை. "இதைக் கொண்டுபோய் சரஸ்வதிக்கு வெய்யி அம்மிணி. படிக்கறவங்க பண்டம். எனக்குக் கை இருக்குது."

பெரியவர்கள் பேச்சைத் தட்டாத பெண் நான். எங்கள் வீட்டில் சரஸ்வதிக்கு வைக்கப் புத்தகம் என்று ஒன்று வந்ததே என்னால்தான். அந்த அடுக்கின் உச்சியில் மாமாவின் தாளை வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, செவ்வரளியும் சாத்தினேன்.

பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் மாமா வந்தார். "அந்தத் தாளு எங்க கண்ணு? சக்கரம் கொஞ்சம் இறுக்கமா இருக்குது."

"பூசையில வெச்சாச்சுங்களே மாமா. நாளைக்கழிச்சு எடுத்துத்தான் படிக்கோணும்."

"எட்டிப் பாத்தாச்சும் சொல்லு."

"பாத்தாலே படிச்ச மாதிரிங்க. அப்பறம் எனக்குப் படிப்பு ஏறாதுங்க."

"சாமி காரியத்துல வெளையாடாதடா" என்று அம்மாவும் தன் தம்பியான மாமாவை அதட்டினாள்.

பூஜையன்று மிஷினுக்கெல்லாம் மாலை. நடுவில் பொரியும் கடலையும் குவித்திருந்தார்கள். மாமாவின் கார் சிவப்பாக, நிஜமாகவே அழகாக நின்றது. புது வண்டி என்றால் எலுமிச்சம்பழம் நசுக்க வேண்டுமே; முன்சக்கரத்தின் கீழ் சின்னப் பழமாகப் பார்த்து வைத்தார்கள். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் முனகியது. கார் குளிர்காய்ச்சல் கண்டதுபோல நடுங்கியதே தவிர நகரவில்லை. மாமா விரலால் தள்ளினார். பழம் உருண்டது, கார் அதன் பின்னால் சறுக்கியது.

"நாம புக் பண்ணுன காரும் இப்பிடித்தான் வரும்போல" என்றார் முதலாளி.

நான் பழத்தை இரண்டாக நறுக்கி, ஒரு மூடியைக் கவிழ்த்து வைத்துச் சுவிட்சைப் போட்டேன். பீரங்கி ஏறியது, நசுக்கியது, இறங்கியது. நிறுத்துவதைப் பற்றி மட்டும் நான் யோசித்திருக்கவில்லை; சுவிட்ச் அதன் வயிற்றுக்கடியில் இருந்தது. நேராகப் பொரிக்குவியலுக்குள் புகுந்து, தலையில் கடலையோடு அந்தப் பக்கம் வெளிவந்து, மாமாவின் கட்டைவிரலில் முட்டியது. மாமா அதைத் தூக்கித் திருப்பினார். சக்கரங்களைச் சுற்றிய சங்கிலிகள் காற்றில் ஓடிக்கொண்டே இருந்தன.

"சக்கரத்துக்குப் பசையே வெக்கலியா?"

"இல்லீங்க மாமா. தாள்ல போட்டிருந்துச்சுங்க."

மாமா அதன் சுவிட்சை அணைத்தார். பிறகு அப்பாவிடம் திரும்பினார். "கோயமுத்தூருக்குக் காலைல மொதப் பஸ்ஸு எத்தன மணிக்குங்க மச்சான்?"

இத்தனைக்கும் பிறகு முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி அலமாரியில் வைத்தது காரைத்தான். பஜாரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்த பாய் அதே மாதிரிப் பெட்டிகளை வரவழைத்தார். கார்கள் தீர்ந்தன, பீரங்கிகள் தூசி படிந்தன. நிற்கிற காருக்கு இருக்கும் மவுசு ஓடுகிற பீரங்கிக்கு இல்லை.

போன மாதம் என்னை ஹாஸ்டலில் கொண்டுவந்து விட்ட மாமா, கிளம்பும்போது யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு பனியன் டப்பாவை நீட்டினார். உள்ளே அந்தச் சிவப்புக் கார்; ஓட வைத்துத் தருவதாகச் சொல்லி முதலாளியிடம் வாங்கி வந்திருக்கிறார். பசையில் ஒட்டிப்போயிருந்த முன்சக்கரம் இரண்டையும் அறுத்து எடுத்துவிட்டேன்.