கட்டுத்துணிக்காரர் எழுதிய பாட்டு

சினிமாப் பாட்டுகளுக்குள் ராப் வந்து புகுந்த தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் பாடிக்கொண்டிருந்தேன். பகலில் கட்டுத்துணி மடிக்கும் கம்பெனியில் வேலை. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குச் சுற்றுகிற துணி அது. முகூர்த்த மாதங்களிலும் கோயில் பொங்கல் சமயத்திலும் சாயங்காலம் கச்சேரி இருக்கும். கல்யாணமாகாத பெண் என்பதால் அப்பா துணைக்கு வருவார். மேடை ஓரத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, நான் பாடும்போது விழித்திருப்பார். மற்றவர்கள் பாடும்போது தூங்கிவிடுவார்.

அவரைத் தூங்கவிடாத ஒரே ஆள், எங்கள் குழுவில் ராப் பாடினவர்தான்.

அவருக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அவருடைய அத்தா, அதாவது அப்பா, அங்கே கயிற்றுக்கடை வைத்திருந்தார். இவரும் பகலில் கடையில்தான் இருப்பார். எங்கள் குழுவை நடத்தியவர் ராஜபாளையத்தில் ரேடியோ, டேப் ரிப்பேர் கடை வைத்திருந்த ஒரு கீபோர்டு வாசிப்பாளர். புதுப் பாட்டுகளில் நடுவே வருகிற வேகமான பகுதியைச் சொல்ல எங்களில் யாருக்கும் நாக்குப் புரளவில்லை. டேப் ரிப்பேருக்கு வந்திருந்த இந்தக் கயிற்றுக்கடைக்காரர் அதை ஒரே மூச்சில் சொல்லிக் காட்டினார். அன்றைக்கே குழுவில் சேர்த்துக்கொண்டார்கள்.

"சும்மா நின்னு சொன்னா எவன் பாப்பான்? பாக்குறதுக்கு ஏதாச்சும் வேணும்லா" என்றார் கீபோர்டுக்காரர். என்னிடம் கம்பெனியில் கழிவாகப் போகிற துணி கொஞ்சம் கேட்டு வாங்கி வரச் சொன்னார். அந்தத் துணியைத் தலையிலும் இரண்டு முழங்கையிலும் ஒரு முட்டியிலும் சுற்றிவிட்டார்கள். இரண்டு பேர் நுழையக்கூடிய ஒரு கால்சட்டை. கறுப்புக் கண்ணாடி. ஆலங்குளத்தில் முதல் தடவை அவர் அப்படி மேடையேறி, முட்டி போட்டுச் சறுக்கி, விழுந்து, உருண்டு எழுந்தபோது சின்னப் பையன்கள் "கட்டு, கட்டு" என்று கத்தினார்கள். பிறகு எந்த ஊருக்குப் போனாலும் அதுதான் அவர் பெயர். நோட்டீஸிலும் அந்த வேஷத்தில்தான் அவர் படம் வந்தது. என் படம் ஓரத்தில் தபால்தலை அளவுக்கு இருக்கும்.

அவர் மேடையில் சொன்னதில் பாதிக்கு அர்த்தமே கிடையாது. இங்கிலீஷ் வரும் இடங்களில் ஏதோ சத்தம் போட்டு நிரப்புவார். ஜனங்களுக்கு அது போதுமாக இருந்தது. ஆளைக் குடிகாரர் என்றும் அடாவடிக்காரர் என்றும் பேசிக்கொண்டார்கள். டீயைத் தவிர அவர் எதையும் குடித்து நான் பார்த்ததில்லை. "கோட்டிக்காரப் பய. வேன்ல அவன் பக்கத்துல உக்காராத" என்பார் அப்பா. நான் முன்சீட்டில் அப்பாவோடு உட்காருவேன். அவர் கடைசியில், ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே.

ஒருநாள் கூமாப்பட்டியில் பொங்கல் கச்சேரி. மத்தியானமே கிளம்பினோம். வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி வருவதாகச் சொன்னார்கள், வரவில்லை. வெயிலில் வேன் அனலாகக் கொதித்தது. அப்பா வாய் திறந்து தூங்கிவிட்டார். எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் கோழிக்கூடையோடு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். திடீரென்று பின்னாலிருந்து பெட்டியில் தாளம் தட்டும் சத்தம். அதோடு இவர் குரல்.

"கேட்டச் சாத்திக் கேட்டுக்காரர் காட்டுப் பக்கம் பாக்காரு
கூடைக்குள்ள கோழி வச்சவர் கோழிட்ட மணி கேக்காரு"

அப்படியே நீண்டுகொண்டு போனது. வேனுக்குள்ளும் வெளியிலும் நின்ற ஒவ்வொருவரும் அதில் வந்தார்கள். தூங்குகிற அப்பாகூட வந்தார். எதுகை ஓரிடத்தில்கூடத் தட்டவில்லை. யாரையும் புண்படுத்தவும் இல்லை. அப்பா விழித்து, தன்னைப் பற்றித்தான் பாட்டு என்று தெரிந்துகொண்டு, சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் திரும்பிக் கேட்டேன். "அண்ணே, இது எந்தப் படத்துல வருது?"

"எந்தப் படத்துலயும் வரல தங்கச்சி. இந்தக் கேட்டுலதான் வருது."

அதற்குப் பிறகு அவரைப் பார்க்கும்போது எனக்கு வேறு ஆளாகத் தெரிந்தார். எங்கள் கம்பெனியைப் பற்றியும் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டேன். உடனே சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ கேள்வி கேட்க ஆரம்பித்தார். துணியை எப்படி மடிப்பீர்கள், எந்த விரல் முதலில் வலிக்கும், மடிக்கும்போது என்ன பேசிக்கொள்வீர்கள், அந்தத் துணி எந்த ஊருக்குப் போகும். "எந்த ஊருக்குப் போகும்னு எங்களுக்கு என்னண்ணே தெரியும்?" என்றேன். "அம்புட்டுத்தான், அது போதும்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த கச்சேரிக்குப் போகும்போது சொன்னார்.

"எந்த ஊரு யாரு காலு எங்களுக்குத் தெரியாது
எங்க துணி சுத்தாத காயம் ஒண்ணும் ஆறாது
சுத்திச் சுத்தி மடிச்ச கைக்குச் சொடுக்கெடுக்க நேரமில்ல
சொந்தக் காயம் கட்டிக்கிற துண்டுத் துணி வீட்டிலில்ல"

எனக்குக் கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அப்பா சீட்டிலிருந்து பின்னால் திரும்பினார். "இந்தப் பயலுக்கு வார்த்தை வருதே" என்றார், யாரிடமோ புகார் சொல்வதுபோல.

கொஞ்ச நாளில், மில்லிலும் கம்பெனிகளிலும் வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து நடத்திய ஒரு விழாவுக்கு எங்கள் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த வரிகளை அங்கே சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசை. கீபோர்டுக்காரர் அரை மனதோடு சம்மதித்தார். இவர் வேஷம் வேண்டாம் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேடைக்கு வந்தார். கூட்டத்துக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. மைக்கைப் பிடித்து, தனக்குப் பழகின வேகத்தில் ஆரம்பித்தார். இரண்டாவது வரி முடிவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏலே, கட்டு எங்கடா? அவனை வரச் சொல்லு."

ஒருவர் சொன்னதை ஊரே பிடித்துக்கொண்டது. "கட்டு, கட்டு" என்ற சத்தத்துக்குள்ளேயே நாலு வரியையும் சொல்லி முடித்தார். நிதானமாகக் கும்பிட்டார். பின்னால் போய், கொஞ்ச நேரத்தில் கட்டுகளைச் சுற்றிக்கொண்டு கண்ணாடியோடு சறுக்கி வந்தார். விசில் சத்தம் காதைப் பிளந்தது. வழக்கத்தைவிட நன்றாகவே ஆடினார்.

மறுநாள் கம்பெனியில் என் பக்கத்தில் மடிக்கிற அக்கா கேட்டார். "அந்த வெள்ளச்சட்டக்காரர் யாருட்டி? நம்மளப் பத்தி என்னமோ சொன்னாருல்லா. போன வேகத்துல ஒண்ணும் பிடிபடல."

அதைக் கேட்டபோதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. அதே வரிகளை மெதுவாக, ராகம் போட்டு நான் பாடட்டுமா என்று எழுதியவரிடமே கேட்டேன். தயங்குவார் என்று நினைத்தேன்.

"தாராளமாப் பாடுங்க தங்கச்சி. ஆனா ரெண்டாவது வரில 'சுத்தாத'ங்கிற இடத்துல மூச்சு விட்டுராதீங்க. 'காயம்' வரைக்கும் ஒரே பிடியாப் போயிரணும். நடுவுல விட்டா காயம் அங்கயே ஆறிப்போயிரும்."

கீபோர்டுக்காரர் மெட்டுப் போட்டார். முதல் தடவை பாடியபோதே கூட்டம் அமைதியாகிவிட்டது. பிறகு ஊர் ஊராகக் கேட்டு வாங்கிப் பாட வைத்தார்கள். கம்பெனியில் மடிக்கும்போது பெண்கள் முணுமுணுத்தார்கள். எல்லோரும் என்னைத்தான் பாராட்டினார்கள். எழுதினது அவர் என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன். "யாரு, உருளுவானே அவனா?" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் தமாஷ் பண்ணுவதாக நினைத்துக்கொள்வார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு விழாவில் நடந்ததுதான் எனக்குப் பெரிய வருத்தம். சிறப்பு விருந்தினராக வந்திருந்த தமிழாசிரியர் ஒருவர் நான் பாடி முடித்ததும் எழுந்து மைக்கை வாங்கினார். "எந்த ஊரு யாரு காலு" என்ற வரியைத் திரும்பச் சொல்லி, முகம் தெரியாதவர்களுக்காக உழைப்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது என்றார். இதை எழுதிய கவிஞர் யார் என்று கேட்டார்.

நான் கையைக் காட்டினேன். அவர் எனக்கு முந்தின பாட்டுக்கு ஆடி முடித்து, ஸ்பீக்கர் பக்கத்தில் வேர்த்து விறுவிறுத்துச் சோடா குடித்துக்கொண்டிருந்தார். தலைக்கட்டு அவிழ்ந்து காதில் தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் சிரித்தது. ஆசிரியர் நம்பாமல், ஆனால் மரியாதையாகவே அவரைக் கூப்பிட்டு மைக்கை நீட்டினார்.

"நீங்களா எழுதினீர்கள்?"

அவர் என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். சட்டென்று முட்டி போட்டுச் சறுக்கி ஆசிரியர் காலடியில் போய் நின்றார்.

"டாக்டர் எழுதிக் குடுத்தாரு சார். மூணு வேளையும் பாடச் சொல்லியிருக்காரு."

ஊரே குலுங்கிச் சிரித்தது. ஆசிரியரும் சிரித்து, அவர் தோளில் தட்டிவிட்டு உட்கார்ந்தார். அதோடு விஷயம் முடிந்தது.

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரேடியோ கடையில் ஒத்திகை. அவர் முன்னதாகவே வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏண்ணே அப்படிச் சொன்னீய? அத்தனை பேருக்கு முன்னாடி ஒரு பெரிய மனுசர் கேக்காரு. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்லா."

"தெரிஞ்சா?"

"உங்கள மதிப்பாங்க."

அவர் மேஜைமேல் கிடந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்து என்னிடம் நீட்டினார். "போட்டுப் பாருங்க" என்றார். நான் வாங்கவில்லை. அவரே சொன்னார்.

"கயித்துக்கடைல உக்காந்திருக்கும்போது ஒரு ஆள செத்த நேரம் உத்துப் பாத்தா என்னய்யா பாக்கன்னு சண்டைக்கு வருவாங்க. பொம்பளைப் பிள்ளைய பக்கம் திரும்பவே முடியாது. இதப் போட்டுக்கிட்டு மேடைல நின்னா, நான் யாரப் பாக்கேன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அவிய எல்லாம் என் காலத்தான் பாத்துக்கிட்டு இருப்பாங்க. நான் ஒவ்வொரு மொகமா நிதானமாப் பாப்பேன். யாரு சிரிக்கல, யாரு பிள்ளைய எறக்கி விடாம நிக்கா, யாரு கைய மறைச்சு வச்சிருக்கா. அதெல்லாம் பாக்காம வரி எங்க இருந்து வரும்? கவிஞர்னு மாலை போட்டு உக்கார வச்சுட்டா எல்லாரும் என்னையப் பாக்க ஆரம்பிச்சிருவாங்க. பொறவு நான் யாரப் பாக்க?"

கோபம் முழுக்கத் தணிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பேச்சை மாற்றுவதற்காக இன்னொன்றைச் சொன்னேன். கம்பெனியில் பெண்கள் பாடும்போது மூன்றாவது வரியை மாற்றிவிட்டார்கள். "சொடுக்கெடுக்க நேரமில்ல" என்பதை "சோறு பிசைய நேரமில்ல" என்று பாடுகிறார்கள். நான் திருத்திப் பார்த்தும் கேட்கவில்லை.

அவர் வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. அந்த ஆசிரியர் அத்தனை புகழ்ந்தபோதுகூட அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

"சோறுதான் சரி. நான் வெரல மட்டும் பாத்துட்டேன், அவியதான் வயித்தையும் பாத்திருக்காங்க. இனிமே அப்படியே பாடுங்க" என்றார்.

அவருக்கு அந்தச் சமயத்தில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆடுகிறவருக்குக் கொடுக்க மாட்டோம் என்று வந்த இடமெல்லாம் தட்டிப் போயிற்று. கடையில் அவருடைய அத்தா முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று கீபோர்டுக்காரர் சொன்னார். வேஷத்தைக் கலைத்துவிட்டுப் பாட்டு எழுதுகிறவராக ஊருக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கஷ்டமே இல்லையே என்று நான் நினைத்துக்கொள்வேன். அவருடைய நிஜம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஒரு பெருமையும் உள்ளே இருந்தது.

கேபிள் டிவி வீடு வீடாக வந்த பிறகு கச்சேரிகள் குறைந்தன. எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. அதற்கு ஒரு மாதம் முந்தி அவருக்கும் கூமாப்பட்டியில் ஓர் இடம் அமைந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் நிக்காஹ் நடந்தது. அப்பாவும் நானும் போயிருந்தோம். பெண்கள் பகுதியில் மணப்பெண்ணிடம் என்னை யாரோ அறிமுகம் செய்துவைத்தார்கள். பேச்சுக் கொடுக்கலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவர் ஆடுறதப் பத்தி வெளிய கண்டபடி பேசுவாங்க. அதையெல்லாம் மனசுல வச்சுக்காதம்மா. நெசத்துல அவர் ரொம்ப நல்லாப் பாட்டு எழுதுவாரு" என்றேன்.

அந்தப் பெண் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"பாட்டு எழுதுவாகளா? எனக்குத் தெரியாதே அக்கா." முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னாள். "எங்க அத்தா மவுத்தான வருசம் எங்க வீட்டுல யாரும் சிரிக்கல. எங்க ஊரு பொங்கலுக்கு இவக வந்து விழுந்து விழுந்து ஆடுனாகல்லா, அன்னைக்குத்தான் எங்கம்மா வாய்விட்டுச் சிரிச்சாங்க. இந்த மாப்பிள்ளைதான்னு கேள்விப்பட்டதும் மத்தவங்க வேண்டாம்னாங்க. நானும் எங்கம்மாவும்தான் சரின்னோம்."

கூமாப்பட்டியில் அன்றைக்கு நானும் மேடையில் இருந்தேன். ரயில்வே கேட்டில் காத்திருந்து போன அதே கச்சேரி. அவர் உருண்ட நேரத்தில் அடுத்த பாட்டின் வரிகளை மனதுக்குள் ஓட்டிக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். கூட்டத்தில் ஓர் அம்மா சிரித்தது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்க வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஆள் அனுப்பிவிட்டார்.