பட்டாணியின் பின்னங்கால்கள்

என் அக்கா ஒரு திரைச்சீலைக் கடையில் தையல் பிரிவின் தலைவி. அந்தக் கடையில் அப்படியொரு பதவி கிடையாது. அவளாகப் போய் உட்கார்ந்துகொண்டதுதான். சன்னல் அளவு சரியா என்று முதலாளியே இவளிடம் கேட்டுவிட்டுத்தான் வாடிக்கையாளரிடம் வாய் திறப்பார்.

பக்கத்தில் செல்லப் பிராணிகள் விற்கும் கடை. அந்தக் கடைக்காரர் ஒருநாள் உள்ளங்கை அகலத்தில் மெத்தென்ற துணிப் பைகள் தைத்துத் தரச் சொன்னார். "யாருக்குத் தைக்கிறேன்னு தெரியாம நான் ஊசியில நூல் கோக்க மாட்டேன்" என்று அக்கா நேரே போய்ப் பார்த்தாள். அணில் மாதிரி இருக்கும் சுகர் கிளைடர்கள் இரண்டு சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தன. சாம்பல் நிறம், முதுகில் கறுப்புக் கோடு, முகத்தில் பாதிக்குக் கண். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே தோல் மடிந்து கிடந்தது. அதை விரித்துத்தான் கிளைக்குக் கிளை மிதந்து போகுமாம். பையின் வாய் அகலமாக இருந்தால் தூக்கத்தில் வெளிச்சம் படும் என்று ஒரு மடிப்பு வைத்துத் துணி வெட்டும் விதத்தையே மாற்றினாள். அடுத்த மாதம் பையோடு அந்த இரண்டும் எங்கள் வீட்டில் இருந்தன. ஒன்றை மட்டும் வளர்த்தால் ஏங்கிப்போகும், அதனால் ஜோடியாக.

பெண்ணுக்குப் பஞ்சு என்று பெயர், ஆணுக்குப் பட்டாணி. வளர்ந்த ஆணுக்கு உச்சந்தலையில் வட்டமாக முடி கொட்டிவிடும். பட்டாணிக்கு அது தெரிய ஆரம்பித்த அன்று அம்மா அதைப் பார்த்தாள், பிறகு அத்தானைப் பார்த்தாள்.

"சொல்லிடுங்க அத்தை, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் அத்தான்.

அவை கண் விழிப்பது சாயங்காலம். அக்கா வேலையிலிருந்து வந்து முகம்கூடக் கழுவாமல் கிண்ணத்தைத் தயார் செய்வாள். வேகவைத்த முட்டை, உப்பில்லாத கோழிக்கறி, பொடியாக நறுக்கிய கேரட், கொஞ்சம் பப்பாளி, மேலே கால்சியம் பொடி. வாரத்தில் சில நாள் உயிருள்ள புழு. புழு டப்பா ஃபிரிட்ஜில் இருக்கும். "அதைத் தயிர் பக்கத்துல வெக்காதடி" என்பதோடு அம்மா தன் எதிர்ப்பை முடித்துக்கொண்டாள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பட்டாணி பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்ந்தது. கால்நடை மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுருக்கமாகச் சொன்னார். உடம்பில் கால்சியம் போதவில்லை. இனிப்பும் பழமும் அதிகமாகிச் சத்தான சாப்பாடு உள்ளே போகவில்லை. மருந்து கொடுக்கலாம், ஏற விடக் கூடாது, அளந்து வைப்பதைத் தவிர வேறெதுவும் வாயில் படக் கூடாது. கால் திரும்புமா என்பதை இப்போதைக்குச் சொல்ல முடியாது.

நான் கைபேசியில் தேடினேன். பத்து இடத்தில் பத்து உணவு முறை. ஒவ்வொன்றாக அக்காவிடம் வாசித்துக் காட்டினேன்.

"பத்துப் பேர் பேச்சைக் கேட்டா பட்டாணி பட்டினிதான். நாம பார்த்த டாக்டர் சொன்னதையே செய்வோம்" என்றாள். "எனக்கு வேற சந்தேகம். தினமும் காலையில கிண்ணத்துல பாதி அப்படியே கிடக்கு. பசிக்காதவன் எங்கேயோ சாப்பிட்டிருக்கான்."

மறுநாள் விடுமுறை. எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்ததும் நடுவில் ஒரு வெறும் தட்டை வைத்தாள்.

"முந்தாநாள் ஆளாளுக்கு என்ன குடுத்தீங்களோ, அதே அளவு இதுல வையுங்க. திட்ட மாட்டேன்."

"திட்ட மாட்டேன்னு சொல்ற குரலே இப்படி இருக்கு" என்று முனகிய அத்தான்தான் முதலில் எழுந்தார். தேன் தடவிய ரொட்டித் துண்டு ஒன்றை வைத்தார். அம்மா பாதிப் பேரீச்சம்பழமும் சில சோள முத்துகளும் வைத்தாள்.

"அது பாவமா பார்த்துச்சுடி."

"அதுக்குக் கண்ணே அவ்ளோ பெரிசும்மா. சுவத்தைக்கூடப் பாவமாத்தான் பார்க்கும்."

அப்பா ஒரு திராட்சை வைத்தார். யோசித்து இன்னொன்று. கடைசியில் வாழைப்பழத் துண்டும் வந்தது. "பேர்லயே சர்க்கரை இருக்கே" என்றார், யாரையும் பார்க்காமல். நான் வைக்க எதுவும் இல்லை. அவற்றைத் தொடவே எனக்குக் கூச்சம். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

அக்கா பட்டாணியைப் பையோடு தூக்கித் தட்டின் பக்கத்தில் வைத்தாள். அதுவும் தட்டில் சேர்ந்த தீனியும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒவ்வொருவரும் தான் மட்டுமே ஏதோ ஒரு துண்டு கொடுப்பதாக நினைத்திருக்கிறார்.

இயந்திரச் சத்தத்தில் ஆயுளைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவர் அப்பா. பகல் பொழுதைப் பேச்சுத் துணையில்லாமல் கழிப்பவர். மெதுவாகச் சொன்னார்: "இந்த வீட்ல நான் கூப்பிட்டா ஓடி வர்றது அது ஒண்ணுதான். வெறும் கையை நீட்டினா வருமா?"

"வராதுப்பா" என்றாள் அக்கா. "கொஞ்ச நாளைக்கு நீங்கதான் அதுகிட்டப் போகணும்."

பையின் கயிற்றை அவர் கழுத்தில் மாட்டினாள். பகல் முழுக்கச் சட்டைக்குள் கதகதப்பாக, ஏறாமல் குதிக்காமல் இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது அப்பா வேலை. யார் கைக்கும் வராத பஞ்சுவுக்கு ஒன்றும் ஆகவில்லை; அது பகலில் கூண்டில் தூங்கும், ராத்திரி இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

"கடைக்குப் போறப்போ?"

"கூட்டிட்டுப் போங்க. கேட்டா பேரன்னு சொல்லுங்க."

அப்பா நெஞ்சில் கைவைத்தபடி படி இறங்கப் பழகினார். பட்டாணி கிண்ணத்தை முகர்ந்துவிட்டுப் பழைய மிக்ஸி போலக் கத்தியது. பேரீச்சம்பழத்தோடு வந்த அம்மாவை அக்கா ஒரு பார்வை பார்த்தாள்; அம்மா அதைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டு போனாள். அக்கா மருத்துவரைக் கேட்டுச் சாப்பாட்டில் ஒரு துளி தேன் கலந்து, நாளுக்கு நாள் அதையும் குறைத்தாள். ஒருவழியாகக் கிண்ணம் காலியானது. "உங்க அக்கா சமையலுக்கு நானும் இப்படித்தான் பழகினேன்" என்றார் அத்தான் என்னிடம்.

கால் மட்டும் அசையவில்லை.

"வரலன்னா என்னக்கா பண்றது?"

"வரலன்னா ஏணியைத் தாழ்வாக் கட்டுவேன். கிளையைத் தரையில போடுவேன். வேற என்ன?"

எல்லாம் நல்லபடியாக முடியும் என்று தெரிந்துதான் அவள் இவ்வளவு உறுதியாக இருக்கிறாள் என்று எண்ணியிருந்தேன். அப்படியில்லை. எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. வேலைக்கு விண்ணப்பம் போடும்போதெல்லாம் 'கிடைக்கலன்னா' என்று நானும்தான் ஆரம்பிக்கிறேன். அதற்குப் பிறகு என்னிடம் வாக்கியம் இருப்பதில்லை. அவளுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று இன்னும் பிடிபடவில்லை.

ஒரு சாயங்காலம் அக்கா வந்து, அப்பாவின் சட்டைக்குள் கையை விட்டுப் பட்டாணியை எடுத்தாள். அது பையிலிருந்து நழுவி அவர் பனியனோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் பனியனும் சேர்ந்து வந்தது.

"இரு, கிழிச்சிடாத" என்றார் அப்பா.

அக்கா குனிந்து பார்த்தாள். பின்னங்கால் விரல்கள் துணியைக் கவ்வி மூடியிருந்தன. அவள் விரலால் நீவிப் பிரித்தாள், திரும்பவும் மூடிக்கொண்டன.

"பிடிக்குதா?" அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வலது பிடிக்குது. இடது இன்னும் யோசிக்குது."

அப்பா தன் விரலை அதன் முகத்தருகே கொண்டுபோனார். அது முகர்ந்தது, நக்கியது, ஒன்றும் இல்லை என்றதும் வெடுக்கென்று கடித்தது. பனியனை மட்டும் விடவில்லை.

"நாளைக்கும் இதே பனியனைப் போட்டுக்கோங்கப்பா. வாசனை பழகியிருக்கு" என்று சொல்லிவிட்டு அக்கா கிண்ணத்தை எடுக்கப் போனாள்.

"குளிக்காம இருக்கறதுக்கு இவருக்கு ஒரு சாக்கு கிடைச்சாச்சு" என்றாள் அம்மா.