டிரையர் மேல் காய்ந்த தோட்டாக்கள்

சென்ற மாதம் தபாலில் ஒரு மலர் வந்தது. வண்டிப்பெரியாருக்கு மேலே நான் பதினோரு வருடம் வேலை பார்த்த தேயிலை எஸ்டேட்டின் நினைவு மலர். வழவழப்பான தாள். நடுப்பக்கம் முழுக்க எழுபதுகளில் மேனேஜராக இருந்த துரையின் படம். முழங்கால் வரை பூட்ஸ், தோளில் ரைஃபிள், படத்தின் கீழே ‘குறி தப்பாதவர்’ என்று ஒரு வரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காப்பி கொண்டுவந்த என் மனைவி, இந்த வயதில் ரத்தக் கொதிப்பை ஏற்றிக்கொள்ள ஒரு போட்டோவா கிடைத்தது என்று கேட்டாள். போட்டோ ஒன்றும் செய்யவில்லை, அந்த ஒரு வரிதான். அந்தத் துரையின் குறி எப்படிப்பட்டது என்பதும், அது தப்பியபோது யார் தலை உருண்டது என்பதும் எனக்குத் தெரியும். ஆபீஸில் கடிதமும் ரிப்போர்ட்டும் டைப் அடிக்கிற ரைட்டராக நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

உருண்டது ஃபிட்டர் அண்ணன் தலை. தேயிலை ஃபேக்டரியின் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், அப்போது நாற்பது வயது இருக்கும். துரையின் ரைஃபிளுக்கு வெளிநாட்டுத் தோட்டா வருவது அந்த வருடங்களில் ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை எறியாமல், புதிதாக மருந்தும் குண்டும் போட்டு மறுபடி தோட்டா ஆக்க வேண்டும். நுணுக்கமான கைவேலை யாருக்கு வரும் என்று பார்த்த துரை, கருவிகளை ஃபிட்டர் அண்ணன் தலையில் கட்டிவிட்டார். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? துரை சொன்னால் அங்கே மழையே ஒதுங்கிப் பெய்யும் என்று நினைத்த காலம்.

கட்டிவிட்டது துரை என்றாலும், அண்ணன் செய்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. தட்டார் கடைத் தராசில் மருந்தை ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித்தனியே நிறுப்பார். ஒரு கம்பெனிக் கூட்டையும் இன்னொரு கம்பெனிக் கூட்டையும் கலக்க மாட்டார். ஒன்றின் தகடு தடிமனாக இருக்கும், உள்ளே இடம் குறையும், அதே மருந்து அதில் கூடுதலாக முட்டும் என்பார். குண்டைக் கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் இறக்குகிறோம் என்பதிலும் வேகம் மாறும் என்று அளவுக்கோல் வைத்துப் பார்ப்பார். குழலை விட்டுக் குண்டு கிளம்பும் வேகத்தை அளக்க அங்கே ஏது கருவி? தூரத்தில் பலகை நட்டு, துரையைச் சுடச் சொல்லி, குண்டு எவ்வளவு உயரத்தில் பட்டது என்று பார்ப்பார். வேகம் குறைந்தால் கீழே, கூடினால் மேலே. எல்லாவற்றையும்விட அவர் பயந்தது சூட்டுக்கு. “மருந்து ஒண்ணுதான் தம்பி. சூடு ஏறிட்டுன்னா அதுக்குக் கொணமே வேற” என்று என்னிடமே இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறார். தோட்டா அடுக்கிய தகர டப்பாவின் மூடியில், அடுப்புப் பக்கமோ வெயிலிலோ வைக்கக் கூடாது என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டியிருந்தார்.

இனி எங்கள் எஸ்டேட்டின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை ஒரு துணி காயாது. உப்பு தண்ணீராகும், தீப்பெட்டி உரசாது. ஊரிலேயே காய்ந்த இடம் ஒன்றுதான், ஃபேக்டரியில் தேயிலையை வறட்டும் டிரையர். அதன் செங்கல் சுவர்மேல் பிள்ளைகளின் யூனிஃபார்ம், விறகு, மிளகாய், வேட்டி எல்லாம் வரிசையாகக் கிடக்கும். என் சட்டைகளும் கிடந்தன. தேயிலைத்தூளில் மிளகாய் நெடி அடிக்கிறது என்று ஒரு தடவை கொச்சியிலிருந்து புகார்கூட வந்தது. ஆகவே தோட்டா நமத்துவிடுமோ என்று துரைக்குக் கவலை வந்ததும், பங்களா பட்லரைக் கூப்பிட்டு, “டிரையர் மேல வை” என்றார். பட்லர் கெட்டிக்காரர். டப்பாவோடு வைத்தால் ஈரம் போகாது என்று தோட்டாக்களை ஒரு துணிப்பையில் கொட்டி வைத்தார். எழுதி ஒட்டிய மூடி டப்பாவோடு பங்களாவிலேயே தங்கிவிட்டது.

ஆறு நாள் அந்தப் பை சுவர்மேல் வெந்துகொண்டு கிடந்தது. அப்போது அண்ணன் பாம்பனாறில் வேறொரு ஃபேக்டரியின் ரோலரைப் பழுது பார்க்கப் போயிருந்தார். ஏழாம் நாள் காலை மழை சற்று வெறித்தது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மரவள்ளியைப் பன்றி கிளறுகிறது என்று சேதி வந்ததும், பட்லர் பையைக் கம்பளியில் சுற்றி, சூடு ஆறாமல், ஓடிக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று துரை சுட்டார். குண்டு பன்றியின் முதுகை உரசிக்கொண்டு மேலே போனது. அடிபட்ட பன்றி, அதை விரட்ட நிறுத்தியிருந்த ஆட்கள் பக்கம் திரும்பி, காவல்காரர் ஒருவரின் தொடையைக் கிழித்துவிட்டது. இரண்டாவது தோட்டா போடத் துரையால் முடியவில்லை. சுட்ட கூடு உள்ளேயே இறுகிக்கொண்டது. துப்பாக்கிப் பூட்டின் பிடியை உள்ளங்கையால் அடித்து அடித்துத் திறப்பதற்குள் பன்றி காட்டுக்குள் போய்விட்டது.

காவல்காரர் பிழைத்தார், ஆனால் காலை இழுத்துத்தான் நடந்தார். தொழிற்சங்கத்துக்காரர்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். துரையின் வேட்டைக்கு ஆட்களை அனுப்பியது யார் என்று கேட்டார்கள். மறுநாளே துரைக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. ஃபிட்டர் மருந்தைத் திருடி நாட்டுத் துப்பாக்கிக்காரர்களுக்கு விற்றானாம், தோட்டாவில் மருந்தைக் குறைத்துப் போட்டானாம், அதனால் குண்டு வேகமில்லாமல் போனதாம். எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டார்! ஒரு கிராம் மருந்துக்குத் தராசு முன்னால் மூச்சை அடக்கி உட்கார்ந்தவனைத் திருடன் என்று சொல்ல அந்த வாய் கூசவில்லை. திருட்டுப் பட்டத்தோடு வெளியே போகிறவனை அந்த மலையில் வேறு எந்தத் தோட்டமும் சேர்க்காது. வேலை போனால் வீடும் அன்றே போகும். அது எல்லோருக்கும் தெரியும், துரைக்கு நன்றாகவே தெரியும்.

விசாரணை ஆபீஸ் அறையில் நடந்தது. துரையைப் பற்றிய விஷயத்தைத் துரையே விசாரித்தார் என்பதை நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். பாம்பனாறிலிருந்து திரும்பி டிரையர் விஷயத்தைக் கேள்விப்பட்டதும் ஓடைக்கரையில் தேடி எடுத்த அந்தக் காலிக் கூட்டைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார். பின்புறத்தில் துப்பாக்கியின் ஊசி அடிக்கும் கேப்பு தட்டையாக நசுங்கியிருந்ததைக் காட்டினார். அழுத்தம் கூடினால்தான் இப்படி ஆகும், கூடு இறுகுவதும் அதனால்தான் என்றார். துரை அதைக் கையில் வாங்கவே இல்லை.

“சரிங்கய்யா, இத வேண்டாம். ஒண்ணே ஒண்ணு கேக்குதேன். குண்டு பன்னிக்கு எங்க பட்டுது?”

“முதுகுல. மேல.”

“நான் மருந்தக் கொறச்சிருந்தா கீழல்லா எறங்கியிருக்கணும்? மேல எப்படிப் போச்சு? டிரையர் சூடு ரெண்டு விரல் ஏத்தியிருக்கும். மிச்சம் அய்யா கை ஏத்துனது.”

வாசலில் நின்ற கங்காணி சிரிப்பை அடக்க இருமினார். துரையின் காது சிவந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, “அத டைப் பண்ண வேண்டாம்” என்றார். என் விரல்கள் நின்றன. கேள்வி, பதில், இரண்டும் தாளில் ஏறவில்லை. அடுத்த வரியாக, குற்றம் சாட்டப்பட்டவர் திருப்தியான விளக்கம் தரவில்லை என்று அவர் சொல்ல, நான் அடித்தேன். பிழை இல்லாமல் அடித்தேன்.

இத்தனை வருடமும் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் இங்கேயே நிறுத்திவிடுவேன். கேட்பவர்கள் துரையைத் திட்டுவார்கள், நானும் சேர்ந்து திட்டுவேன். மனசுக்குச் சுகமாக இருக்கும். ‘குறி தப்பாதவர்’ என்று மலரில் போட்டவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று கொதிக்கிற நான், பாதி உண்மையைத்தானே ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்? மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

விசாரணை முடிந்த நான்காம் நாள் அண்ணனுக்கு வேலைநீக்க உத்தரவு வந்தது. அன்றே சாமான் ஏற்றிய லாரி குமுளி பக்கம் போகத் தயாராக ரோட்டில் நின்றது, முன்சீட்டில் அவர் மனைவியும் இரண்டு பெண்களும். அவர் மட்டும் இறங்கி ஆபீஸுக்கு வந்து விசாரணை நகலைக் கேட்டார். கொடுத்தேன். நின்றபடியே ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். கடைசித் தாள் முடிந்ததும் மறுபடி முதல் தாளுக்குப் போனார்.

“எங் கேள்விய எங்க, தம்பி?”

“துரை வேண்டாம்னுட்டாரு அண்ணே.”

“அவரு சொன்னாரு, சரி. நீங்க காதால கேட்டீங்கல்லா?”

“கேட்டேன்.”

“அது போதும். கேட்டேன்னு ரெண்டு வரி எழுதி ஒரு ஒப்பு போட்டுத் தாங்க. இவங்கள ஊருக்கு அனுப்பிட்டு பீர்மேட்டுல லேபர் ஆபீசர்ட்ட குடுக்கேன்.”

கையெழுத்தை ஒப்பு என்பது அங்கே எல்லோர் வாயிலும் புழங்கிய மலையாளம். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, கல்யாணமாகாத இரண்டு தங்கைகள், துரை தயவில் கிடைத்த குவார்ட்டர்ஸ். இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த வெள்ளைத் தாளை எடுத்து என் மேசைமேல் விரித்தார். பேனாவின் மூடியைக் கழற்றி, நான் எடுக்க வாகாக, முனை அவர் பக்கம் இருக்கும்படி வைத்தார். வெளியே லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை. நான் இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.