முதல் உறையில் எழுதிய கட்டணம்

உள் அறையில் பிரிண்டர் கரகரவென்று தாளை இழுத்தது. ரூஹி புதிய விண்ணப்பத்தை அச்சடித்துக்கொண்டிருந்தாள். மந்தைவெளி வீட்டின் கூடத்தில், அவளுடைய அம்மா சகினா, மேசைமேல் கிடந்த பழுப்பு உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று உள்ளாட்சி அலுவலகத்தில் அவள் கொடுத்த உறை அது. அங்கே எழுத்தராக இருக்கும் கனகராஜ், அதை டிபன் பைக்குள் மறைத்து எடுத்து வந்திருந்தார்.

"மூலையில 'கட்டண விவரம் உள்ளே'ன்னு எழுதிகீறீங்களே மேடம். அத்த பாத்ததும் பக்குன்னு ஆச்சு."

இருபத்திரண்டு வருடங்களாக அந்த அலுவலகத்துக்கு ஒப்பந்தத்தில் கால்வாயையும் பூங்காவையும் அளந்து கொடுக்கும் சர்வேயர் சகினா. கணவர் போன பிறகு ரூஹியைப் படிக்க வைத்தது அந்த வேலைதான். தொகையைப் பிறகு திருத்தினாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, கட்டணத்தை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவது அவள் வழக்கம். சர்வேயர், என்ஜினீயர்களை அமர்த்தும் சட்டத்தில் இந்த வருடம் ஒரு சிறு திருத்தம் வந்தது. முதல் உறையில் தகுதியை மட்டுமே பார்க்க வேண்டும்; கட்டணத்தைப் பிறகு தனி உறையில் தர வேண்டும். முதல் உறையில் கட்டணம் இருந்தால் விண்ணப்பம் தள்ளுபடி. அடுத்த வாய்ப்பு மூன்று வருடம் கழித்துத்தான். குறைத்துக் கேட்பவனிடம் நல்ல வேலைக்காரர் தோற்கக் கூடாது என்று வந்த திருத்தம். அதைப் படித்து மகிழ்ந்தவளின் கை, பழக்கத்தில் பழையபடியே எழுதிவிட்டது.

"நாளைக்குக் காலைலதான் பிரிப்பாங்க. வேற கவர் குடுங்க, வச்சிடறேன்."

"இதுல ஆபீஸ் சீல் இருக்கே அண்ணே. தேதி, நம்பர் எல்லாம்."

"அத்த நான் பாத்துக்கறேன்."

"ரிட்டயராக உங்களுக்கு இன்னும் நாலே மாசம்."

"இன்னா பண்ணிடுவாங்க? கோட்டூர்புரத்துல எங்க வூட்ட இடிக்க வந்தப்போ, ஆத்து எல்லைக்கு வெளியதான் கீதுன்னு நீங்க எழுதுனீங்க."

"உங்களுக்காக எழுதல. அளவு அப்படி இருந்துச்சு."

"இந்த ராங்கி மட்டும் கொறையவே இல்ல," என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

ரூஹி புதிய உறையைக் கொண்டுவந்து நீட்டினாள். "யோசிச்சிட்டு நிக்காதீங்க அம்மி. அங்கிள் கிளம்பணும்."

சகினா வாங்கிக்கொண்டாள். கனகராஜ் சட்டைப் பையிலிருந்து அலுவலக முத்திரையை எடுத்து மேசைமேல் வைத்தார். அதன் தேதியை நேற்றைக்குத் திருப்பினார். மாட்டினால் அந்த மனிதரின் முப்பது வருட வேலையும் போகும், பென்ஷனும் போகும். புதிய உறையை அவள் இரண்டாகக் கிழித்தாள்.

ரூஹி சுவரில் சாய்ந்து அழத் தொடங்கினாள்.

"பழையத எடுத்த எடத்துலயே வச்சிடுங்கண்ணே."

அவர் பழைய உறையையும் முத்திரையையும் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"டீ கூடக் குடிக்கல," என்றாள் சகினா.

"இன்னொரு நாள் மேடம்."

அவர் படியிறங்கித் தெருவைத் தொடும்வரை வாசலில் நின்றாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.