ஜானகிராமன் வீட்டு நாகரிகம்

ரெட்டியார்பாளையம் ஜானகிராமன் வாயிலிருந்து நாளைக்குப் பத்து முறையாவது ‘நாகரிகம்’ வந்து விழும். சோற்றை உருட்டி வாயில் போட்டால் நாகரிகம் இல்லை. தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாகரிகம் இல்லை. மில்லில் தறி ஓட்டுகிற ஆள்தான். ஆனால் பக்கத்து வீடு சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் அந்தக் குடும்பத்தைப் பார்த்துப் பார்த்து, யார் காலையாவது மிதித்துவிட்டால் ‘பர்தோன்’ என்று மன்னிப்புக் கேட்கவும் கற்றுக்கொண்டார். அத்தோடு அவருடைய பிரெஞ்சு முடிந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் மகள் ஆதிலட்சுமிக்கு மஞ்சள் நீர். மனைவி கமலவேணியின் தம்பி மண்ணாங்கட்டி, சேதராப்பட்டிலிருந்து மாட்டுவண்டியில் சீர் கொண்டுவந்தான். பதினோரு தட்டு, ஒரு கட்டுப் பச்சை ஓலை, முழங்கிக்கொண்டு பம்பை. சொல்தா குடும்பம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. ஜானகிராமனுக்கு உடம்பெல்லாம் கூசியது. தெருமுனைக்கே ஓடிப்போய் வண்டியை மறித்தார்.

“மச்சான், பம்பைய நிறுத்தச் சொல்லு. பெரிய மனுசங்கள்லாம் ஒக்காந்துருக்காங்க. சந்து வழியா பின்பக்கமா வந்துடுங்க. டவுன்ல அதான் நாகரிகம்.”

“சரிங்க மாமா” என்று மண்ணாங்கட்டி வண்டியைத் திருப்பினான். தாய்மாமன் சீர், பாத்திரம் துலக்கும் இடத்தைத் தாண்டி வீட்டுக்குள் வந்தது. கமலவேணி அன்று முழுக்கப் புருஷன் முகத்தில் விழிக்கவில்லை. அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் மண்ணாங்கட்டி சந்து வழியாகத்தான் வந்தான். ஜானகிராமன் அதைக் கவனித்ததே கிடையாது.

எண்பத்திரண்டில் ஆதிலட்சுமிக்குக் கல்யாணம், பெரிய மண்டபத்தில். தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டாமல் பெண்ணை மணவறையில் உட்காரவைக்க முடியாது. முகூர்த்தம் நெருங்கியும் மாமனைக் காணோம். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜானகிராமன் ரோட்டுக்கும் வாசலுக்குமாக அலைந்தார்.

“ஒன் தம்பி வேணும்னே வரலியா?” என்று கமலவேணிமேல் பாய்ந்தார். அவள் அழுதாள்.

அப்போதுதான் சமையல்காரர் வந்து சொன்னார். “பின்னால ஒரு கூட்டம் ரொம்ப நேரமா நிக்குதுங்க. சாமான் எடுத்தாந்தவங்கன்னு நெனச்சேன்.”

எச்சில் இலைக் குவியலுக்குப் பக்கத்தில் மண்ணாங்கட்டி நின்றிருந்தான். புது வேட்டி, கையில் பட்டம் வைத்த தட்டு. பின்னால் அவன் பெண்டாட்டியும் பங்காளிகளும் தட்டுகளோடு நின்றார்கள். பம்பைக்காரரை அழைத்துவரவே இல்லை.

“இங்க என்னா மச்சான் பண்ற? வாசல்ல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க!”

“டவுன்ல பின்பக்கமா வர்றதுதான் நாகரிகம்னு சொன்னீங்களே மாமா. நம்ம ஆளுங்களுக்கும் சொல்லித்தான் கூட்டியாந்தேன். நீங்க கூப்புடுவீங்கன்னு நின்னுக்கிட்டு இருந்தோம்.”

அவன் குரலில் குத்தல் துளியும் இல்லை. இருந்திருந்தால் ஜானகிராமன் கோபப்பட்டாவது தப்பித்திருப்பார். கூடவே வந்திருந்த சம்பந்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தலையைத் திருப்பிக்கொண்டார். ஜானகிராமனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல அவமானமாக இருந்தது. எட்டு வருஷம் இவனைச் சந்தில் நடக்கவைத்திருக்கிறோமே என்று அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். ‘பர்தோன்’ ஒன்றுதான் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதையும் விழுங்கிவிட்டு மச்சானின் கையைப் பிடித்தார். மண்டபத்தைச் சுற்றி, எல்லோரும் பார்க்க, முன்வாசலுக்கு அழைத்துப்போனார்.

படியில் கால் வைக்கப்போன மண்ணாங்கட்டி தயங்கி நின்றான்.

“இந்த வழியா வரலாமா மாமா? உங்களுக்கு ஒன்னும் கொறச்சலா இருக்காதே?”